பிச்சம்மாள் வீட்டுக்கு அடுத்த வீடு

வைகாசி 4, ஞாயிறு
பிரஷர் 148/90

காலையில் மாத்திரை ஒன்று, இட்லி மூன்று. டாக்டரம்மா எழுதச் சொன்னதை எழுதியாயிற்று. தினமும் பிரஷர் எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், என்ன செய்தேன் என்று குறித்துவைத்து, அடுத்த முறை வரும்போது காட்ட வேண்டுமாம். மிஷினை என் மகன் சங்கரலிங்கம் வாங்கித் தந்தான். நோட்டும் அவனுடைய கடை நோட்டுதான். அட்டையில் ஃபேன் படம் போட்டிருக்கிறது.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். ஆறாவதுக்கு அனுப்ப வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிக் கெடுத்தது பெரியப்பா. அவர் செத்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் நான் அவரோடு பேசுவதில்லை.

எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது. பேத்தி காந்திமதிக்குக் கல்யாணம். ஆனி 23, திங்கட்கிழமை. மாப்பிள்ளைக்குக் கோவில்பட்டி. பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. யார் யாருக்கு என்பதுதான் பாக்கி. இந்தத் தென்காசியில் அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

வைகாசி 6, செவ்வாய்
பிரஷர் 142/88. மத்தியானம் 158/96

நான் சீனி அவரைக்காய் ஆய்ந்துகொண்டே சொல்லச் சொல்ல, காந்திமதி சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அடித்தாள். அவளுக்கு அதுதான் வேலை. வீட்டில் இருந்தே ஏதோ ஒரு கம்பெனிக்கு நிரல் எழுதிக் கொடுக்கிறாள்.

எனக்கு ஆட்களைத் தனித்தனியாகக் கேட்டால் வராது. தெருவில் நடக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எங்கள் தெரு முனையிலிருந்து இடதுபக்கமாக ஒவ்வொரு வாசலாகப் போனேன். முனை திரும்பி வலதுபக்கம். பிறகு அடுத்த தெரு. உள்ளூர் முடிந்ததும் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினேன். பாவூர்சத்திரத்தில் ஒன்பது வீடு. ஆலங்குளத்தில் ஐந்து. சீதபற்பநல்லூரில் மூன்று, அதில் முதல் வீடு சிவகாமி, என் மருமகள் பகவதியின் கூடப்பிறந்த அக்கா. அப்புறம் பேட்டை, திருநெல்வேலி. மொத்தம் இருநூற்று எண்பத்தாறு வீடு என்றாள் காந்திமதி. எனக்குத் தொகை வராது, பெயர்தான் வரும்.

இதில் துக்கம் விழுந்து வருஷம் திரும்பாத வீடுகள் ஐந்து. அவற்றுக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை கொண்டு போவது எங்கள் வழக்கமில்லை. அப்படியானால் அந்தப் பெயர்களைச் சொல்லவே வேண்டாமே என்றாள். அதெப்படி? தெருவில் இருக்கிற வீட்டைத் தாண்டி எப்படி நடப்பேன்? சொல்வேன், நீ ஒரு குறி போட்டுக்கொள் என்றேன். குறி போட்ட வீட்டைப் போகிற போக்கில் நீக்கிவிட நிரலில் எழுதிக்கொள்கிறேன் என்றாள்.

ஆலங்குளத்தில் கடைசிப் பெயர் செண்பகவல்லி. அதற்கும் குறி போடச் சொன்னேன்.

“அங்க யாரு ஆச்சி செத்தது?”

“யாரும் சாவல. நான் அவள நினைக்கதில்ல, அவ்வளவுதான்.”

“நினைக்காதவ பேரு, வீட்டு நம்பர், கதவு பச்சைங்கிறது வரைக்கும் எப்படி வருது?”

பஸ் அந்த வழியாகத்தானே போகிறது என்றேன். கதவு பச்சை என்று யாரோ சொல்லித் தெரியும்.

நிரல் என்றால் என்ன செய்யும் என்று கேட்டேன். நான் செய்ததைத்தான் செய்யும் என்றாள். ஃபார் என்று ஒரு வரி. வரிசையின் தலையில் தொடங்கி ஒவ்வொரு வீடாக எடுக்கும். எடுத்த வீட்டுக்கு விலாசச் சீட்டு அச்சடிக்கும். அடுத்த வீட்டுக்குப் போகும். வரிசை தீர்ந்தால் யாரும் சொல்லாமலே நின்றுவிடும். அதற்குக் கால் வலிக்காதா என்று கேட்டேன். சிரித்தாள். எனக்கு அந்த ஃபார் வரியைப் பிடித்துப்போயிற்று. பத்திரிகை வைக்கப் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கிறது.

மத்தியானம் ஏன் 158 என்று தெரியவில்லை. ஊறுகாய் தொடவில்லை.

வைகாசி 7
பிரஷர் 160/96

டாக்டரம்மா காரணம் கேட்டால் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

செண்பகமும் நானும் ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வாழ வந்தோம். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவள் மகனுக்குக் கல்யாணம். தினசரி காலண்டர் ஒன்றை எடுத்து, தாளுக்கு ஒரு வீடாகப் பின்பக்கத்தில் எழுதினாள். வரிசை சொன்னது நான். என் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் பெயருக்கு அடுத்த தாளில் அவளே சிரித்துக்கொண்டு ‘உலகு’ என்று எழுதினாள். உலகம்மாள் என்கிற என்னை அப்படிக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். எழுதியதை என் கண்ணால் பார்த்தேன்.

தை பதினொன்று, திங்கட்கிழமை. மத்தியானம் மூன்றரை. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த அவளுடைய நாத்தனாரும் நாத்தனார் புருஷனும் தட்டும் காலண்டருமாகத் தெருவில் வந்தார்கள். நான் வாசல் தெளித்து, பாலைக் காய்ச்சி, அரக்குப் புடவை கட்டி நின்றேன். கோமு வீட்டுக்குப் போனார்கள். சாரதா டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். பிச்சம்மாள் வீட்டுக்குள் நுழையவில்லை, அவள் மாமனார் போய் ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அடுத்தது நான். நாத்தனார் தாளைப் புரட்டினாள், என்னைப் பார்த்தாள், நல்லசிவம் சார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

எழுதிய பெயர் எப்படி விடுபடும்? செண்பகம் சொல்லி அனுப்பாமல் நடக்குமா?

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அந்த வருஷமே அவர்கள் ஆலங்குளத்துக்குக் குடிபோய்விட்டார்கள். காய்ச்சின பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

வைகாசி 9
பிரஷர் 144/88

தோசை இரண்டு. வெயில் கொளுத்துகிறது. குற்றாலத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம்.

வைகாசி 12, திங்கள்
பிரஷர் 146/90

காந்திமதி நிரலை ஓடவிட்டாள். நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழேயிருந்து மேலே ஏறிப் போயின. நம் தெரு, அடுத்த தெரு, பஸ், பாவூர்சத்திரம், எல்லாம் ஒரு கொட்டாவி விடுகிற நேரத்துக்குள். நான் நடந்தால் நாலு நாள்.

சீட்டு வந்ததும் ஒருமுறை நான் சொல்லிச் சரிபார்க்கிறேன் என்றேன். “கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது ஆச்சி” என்றாள். அப்படிச் சொன்னபிறகு நான் எதற்கு? கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். இருபத்தாறு வயசுப் பிள்ளை, போகட்டும். ஆனால் சொன்னாள்.

இருநூற்று எழுபத்துநாலு சீட்டாம். வெளியூர்ச் சீட்டுகளைச் சங்கரலிங்கம் கடைக்கு எடுத்துப் போய் அங்கேயே உறையில் ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டான். நெருங்கின சொந்தங்களுக்கு ஆனி பிறந்ததும் நேரிலும் போக வேண்டும்.

வைகாசி 15
பிரஷர் 140/86

முறுக்கு சுற்ற ஆள் பார்த்தாயிற்று. பகவதி தங்கநிறப் பட்டு எடுத்திருக்கிறாள், நன்றாக இருக்கிறது. அவள் கல்யாணத்தில் எனக்கு இரண்டாம் பந்தியில்தான் இலை போட்டார்கள். நான் சொல்லிக் காட்டுவதில்லை.

வைகாசி 20, செவ்வாய்
பிரஷர் 172/100

சீதபற்பநல்லூரிலிருந்து சிவகாமி ஃபோன் செய்தாள். அவள் தெருவில் இரண்டு வீட்டுக்கு நம் பத்திரிகை வந்து ஆறு நாளாயிற்றாம். பெண்ணுக்குப் பெரியம்மா, அவளுக்கு வரவில்லை. எதிர்வீட்டுக்காரி பத்திரிகையை வாசலில் நின்று வாசித்துக் காட்டினாளாம். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லி அழுதுவிட்டு வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

பகவதி அடுக்களையில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

“அத்தை, வரிசை சொன்னது நீங்கதானே?”

நான் சிவகாமி பெயரைச் சொன்னேன் என்றேன். ஆலங்குளம் முடிந்து சீதபற்பநல்லூரில் முதல் பெயர் அவள்தான் என்றேன்.

“நாப்பது வருஷத்துக்கு முந்தி யாரு என்ன புடவை கட்டுனான்னு சொல்லுவிய. எங்கக்கா பேரு மட்டும் மறந்துபோச்சுன்னா நான் நம்பணுமா? மறந்தேன்னு சொன்னாக்கூட மன்னிச்சிருவேன். சொன்னேன்னு சொல்லுதியளே.”

மிஷினை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

இரண்டாம் பந்தி விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்குமோ? நான் சொல்லிக் காட்டியதே இல்லை. ஒரு நாலைந்து தடவை இருக்கும்.

வைகாசி 21
பிரஷர் 168/98

காபி வந்தது. டம்ளர் மேஜையில் வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

வைகாசி 22
பிரஷர் 166/98

காந்திமதியிடம் கேட்டேன். அவள் தன்னிடம் இருக்கிற வரிசையைத் திறந்து பார்த்தாள். சிவகாமி பெயர் அதில் இருக்கிறது. சீட்டு மட்டும் வரவில்லை. அப்பா கடையில் தவறவிட்டிருப்பார் என்கிறாள். சங்கரலிங்கம் தன்னிடம் தந்த சீட்டை எல்லாம் ஒட்டினேன் என்கிறான். பகவதி நான் மேஜைப் பக்கம் போனாலே எழுந்து போகிறாள். நான் சீட்டைக் கிழித்துவிட்டதாக நினைக்கிறாள் போல.

அவள் அக்கா வராவிட்டால் மணவறையில் தன் பக்கத்துக்கு ஆள் இல்லாமல் நிற்க வேண்டும் என்று அவள் சங்கரலிங்கத்திடம் சொன்னது கேட்டது. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை அவளுக்கு. அக்காதான்.

செய்யாத காரியத்துக்கு ஏச்சு வாங்குவது எப்படி இருக்கும் என்று எனக்கு எழுபத்துநாலு வயசில்தான் தெரிகிறது.

வைகாசி 23, வெள்ளி
பிரஷர் பார்க்க நேரமில்லை

உள்ளூரில் பத்திரிகை வைக்க ஆரம்பித்தோம். சங்கரலிங்கம் பையில் உறைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். பகவதி குங்குமத் தட்டு. எனக்கும் அவளுக்கும் நடுவில் அவன்.

முதல் மூன்று வீடு ஒழுங்காகப் போயிற்று. நாலாவது வீட்டில் பங்குனியில் துக்கம், தாண்டினோம். ஐந்தாவது டெய்லர் மாடசாமி வீடு. அவனும் பெண்டாட்டியும் வாசலுக்கு வந்து வாங்க வாங்க என்று நிற்கிறார்கள். சங்கரலிங்கம் பையைத் துழாவுகிறான். உறை இல்லை. பகவதி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மாடசாமிக்கும் எனக்கும் என்ன பகை? ஒரு ரவிக்கையை இறுக்கமாகத் தைத்தான், அது வேறு. பெயர் எழுதாத உறை ஒன்றை எடுத்துக் கொடுத்து, நீதான் அழகாக எழுதுவாயே, உன் பெயரை நீயே எழுதிக்கொள் என்று சமாளித்தேன்.

அடுத்த தெரு. வாத்தியார் வீட்டில் துக்கம், தாண்டினோம். அதற்கடுத்தது பால்கார வேலம்மாள். உறை இல்லை.

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். கண்ணை மூடினேன். ஆலங்குளத்தில் செண்பகவல்லிக்குக் குறி போட்டோம். அதற்கடுத்தது சிவகாமி.

வீட்டுக்குத் திரும்பு என்று சங்கரலிங்கத்திடம் சொன்னேன். மயக்கம் வருகிறதா அம்மா என்றான். இல்லை, தெளிந்துகொண்டிருக்கிறது என்றேன்.

வைகாசி 24, சனி
காலை பிரஷர் 138/84. சாயங்காலம் 164/98

காந்திமதியை உட்காரவைத்து, கம்ப்யூட்டரைத் திறக்காதே, நான் சொல்வதை முதலில் கேள் என்றேன். இவர்களுக்குச் சீட்டு வந்திருக்காது என்று ஆறு பேரைச் சொன்னேன். மாடசாமி, வேலம்மாள், பாவூர்சத்திரத்து இசக்கி, சிவகாமி, பேட்டையில் ஒன்று, திருநெல்வேலியில் ஒன்று. ஆறு பேரும் நீ நீக்கின வீட்டுக்கு அடுத்த வீடு என்றேன்.

திறந்தாள். பார்த்தாள். ஆறும் சரி. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள். காலேஜில் முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகள் பண்ணுகிற தப்பை நான் பண்ணியிருக்கிறேனே ஆச்சி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் அம்மா இங்க வா என்று கத்தினாள்.

பகவதி வந்து கதவோரம் நின்றாள். காந்திமதி அலமாரியிலிருந்து ஆறு எவர்சில்வர் டம்ளரை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். முதல் டம்ளர்மேல் விரலை வைத்தாள்.

“இந்த விரல்தான் ஃபார் வரி. இதுக்கு யாரு வீடுன்னு தெரியாது. எத்தனாவதுன்னு மட்டும்தான் தெரியும். ஒண்ணு, சீட்டு அடிச்சாச்சு. ரெண்டு, அடிச்சாச்சு. மூணு, இது குறி போட்ட வீடு, நீக்கு.”

மூன்றாவது டம்ளரை எடுத்துக் கீழே வைத்தாள். மிச்ச மூன்றையும் இடைவெளி இல்லாமல் இந்தப் பக்கம் தள்ளினாள்.

“மூணாவது முடிஞ்சுதுன்னு விரல் நாலாவதுக்குப் போவுது. ஆனா முந்தி நாலாவதா நின்னவ நகந்து மூணாவது இடத்துக்கு வந்துட்டா. இப்ப அவள யாரு பாத்தா?”

பகவதி மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். நகர்ந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

“யாரும் பாக்கல.”

“ஆச்சி சொன்னா அம்மா. நான்தான் நடக்கும்போதே வரிசையக் கலைச்சிட்டேன்.”

பகவதி உள்ளே போனாள். டிகாக்‌ஷன் வாசனை வந்தது. காபியை என் கையில் தந்தாள். “சர்க்கரை போதுமா பாருங்க அத்தை” என்றாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அதைக் கேட்டது முதல் தடவை. போதும் என்றேன். உண்மையில் கொஞ்சம் கூட.

“நான் விட்ட சாபமெல்லாம் அந்த விரலுக்கு” என்று சொல்லி அவள் சிவகாமிக்கு ஃபோன் போட்டாள். இந்தத் தடவை எடுத்துவிட்டாள். கம்ப்யூட்டர்மேல் பழி போடுகிறீர்களா, நேரில் வந்து சொல்லுங்கள், பார்க்கலாம் என்றாளாம். அதுவே பாதி வந்தமாதிரி.

எல்லாரும் எழுந்து போனபிறகு நான் அந்த டம்ளர்களை மறுபடி வைத்துப் பார்த்தேன். கோமு. சாரதா டீச்சர். பிச்சம்மாள்.

சாயங்காலம் 164. தெரியவில்லை.

வைகாசி 27
பிரஷர் 156/94

நாத்தனார் அம்பாசமுத்திரத்துக்காரி. எங்கள் தெருவில் யார் யாரென்று அவளுக்குத் தெரியாது. காலண்டர் சொன்னால்தான் உண்டு. ஒவ்வொரு வீடு முடிந்ததும் தாளில் குங்குமப் பொட்டு வைத்து அடுத்ததைப் புரட்டிக்கொண்டு வந்தாள். ஆறு நாள் துக்கம் இருக்கிற வீட்டுப் பெயரை மங்கள காரியத்துக்கு எழுதின காலண்டரில் வைத்துக்கொண்டு எவளும் நடக்கமாட்டாள். பிச்சம்மாள் தாளைக் கிழித்திருப்பாள். கிழித்ததும் என் தாள் மேலே வந்திருக்கும். பிச்சம்மாள் வீடு முடிந்தது என்று பழக்கத்தில் கை புரட்டியிருக்கும்.

இது நடந்திருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். நடந்தது என்று எழுதவில்லை.

அப்படியே இருந்தாலும் செண்பகம் நேரில் வந்து கேட்டிருக்கலாமே. இரண்டு வார்த்தை. அதற்கு நாலு நாள் முன்னால் அவளுக்கும் எனக்கும் ஒரு பேச்சு வந்தது, அதனால் வராமல் இருந்திருப்பாள். என்ன பேச்சு என்பது டாக்டரம்மாவுக்குத் தேவையில்லை.

வைகாசி 28
பிரஷர் 158/94

பெண் கொஞ்சம் குட்டையாக இருக்கிறாளே என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மருமகளாக வரப்போகிறவளைப் பற்றி, நாலு பேர் முன்னால்.

ஆனி 1, ஞாயிறு
பிரஷர் 140/86

விடியும்போதே காற்று மாறிவிட்டது. பத்து மணிக்குச் சாரல் இறங்கிற்று. பகவதி காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாள், நானும் ஓடினேன், இரண்டு பேரும் நனைந்தோம்.

காந்திமதி நிரலைச் சரிசெய்துவிட்டாள். எப்படி என்று கேட்டேன். பழைய வரிசையைத் தொடுவதே இல்லை. அது சொன்னபடி முழுசாகக் கிடக்கும். அதில் நடந்துகொண்டே, அழைக்க வேண்டியவர்களைப் பக்கத்தில் ஒரு புது வரிசையில் எழுதிக்கொண்டு போவேன் என்றாள். ஓடவிடுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, ஆலங்குளத்துக் குறி இருக்கட்டுமா என்று கேட்டாள்.

“சிவகாமியப் பாக்க எப்படியும் அந்த வழியாத்தானே போகணும்” என்றேன்.

“அதனால?”

“அதனால எடுத்துரு. கேள்வி கேக்கா.”

ஆனி 5, வியாழன்
பிரஷர் இரவு 126/80

இன்றைக்கு விவரமாக எழுத வேண்டும்.

பகவதியும் நானும் எட்டரை மணி பஸ்ஸில் போனோம். முதலில் எங்கக்கா வீடு, திரும்பும்போது உங்க ஆலங்குளம் என்றாள். வரிசையை மாற்றக்கூடாது என்றேன். எனக்கும் பயம்தான், தள்ளிப்போட்டால் போகமாட்டேன்.

கதவு பச்சைதான். தட்டினது பகவதி. திறந்தவள் செண்பகம். முடி முழுக்க வெளுத்துவிட்டது. மூக்குத்தி அதே எட்டுக்கல். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாரு வேணும்?”

“தெரியலையாக்கும்.”

“தெரியுது. வாயால சொல்லு, கேப்போம்.”

“உலகு.”

“அப்படி ஒருத்தி இருந்தா. என் மகன் கல்யாணத்துக்கு வராதவ. உள்ள வா, மழைல நிக்காத.”

உட்கார்ந்தோம். நான் பத்திரிகையை எடுக்கவில்லை. எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவுசெய்திருந்தேன். அந்தக் கல்யாணத்துக்குப் பெயர் எழுதின காலண்டர் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. அழைப்பு அனுப்பினேன், நீதான் வரவில்லை, குட்டைப் பெண்ணைப் பார்க்க மாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டாய், இப்போது காலண்டரா கேட்கிறாய் என்று பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷமும் என்மேல் அவள் கோபமாக இருந்திருக்கிறாள். நான் அவள்மேல் இருக்கிறேன் என்றுதான் எனக்குத் தெரியும். இது தெரியாது.

பகவதி ஒன்றும் புரியாமல் விழித்தாள். நான் விடவில்லை. எடுத்து வா, இருந்தால் எடுத்து வா என்றேன்.

இருந்தது. சாமி முன்னால் வைத்த முதல் பத்திரிகை, மஞ்சள் துணி, அந்தக் காலண்டர், மூன்றும் ஒரே டப்பாவில். நாத்தனார் திருப்பிக் கொடுத்தபடியே உள்ளே வைத்தாளாம், பிரித்ததில்லை. தாள் பழுத்திருந்தது. நான் சொல்ல அவள் புரட்டினாள். கோமு, பொட்டு. சாரதா டீச்சர், பொட்டு. அடுத்தது மேலே தகரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிழிந்த துண்டு மட்டும். ‘பிச்ச’ என்று பாதி தெரிந்தது. அடுத்த தாள் ‘உலகு’.

பொட்டு இல்லை.

அவள் அடுத்த தாளைப் பார்த்தாள். நல்லசிவம், பொட்டு. மறுபடி என் தாளுக்கு வந்தாள்.

மேஜையில் இருந்த டம்ளர்களை நான் வரிசையாக வைத்தேன். விரல் வைத்து, எடுத்து, நகர்த்திக் காட்டினேன். பகவதிக்கு எங்கள் பழைய கதை இப்போதுதான் புரிந்தது. அவளே மிச்சத்தைச் சொன்னாள்.

நான் வாசலில் அரக்குப் புடவை கட்டி நின்றதைச் சொன்னேன். பால் பொங்கினதைச் சொன்னேன். பெண்ணைக் குட்டை என்று சொன்னது தப்பு என்றும் சொன்னேன். அதைச் சொல்வது காலண்டரைவிடக் கஷ்டமாக இருந்தது.

எழுந்து சாமி அலமாரிக்குப் போனாள். குங்குமச் சிமிழோடு வந்தாள். விரலால் தொட்டு என் தாளில் பொட்டு வைத்தாள்.

“ஏளா உலகு. என் மகனுக்குத் தை பதினெட்டு கல்யாணம். குடும்பத்தோட வந்துரணும்.”

அவள் மகனுக்கு ஐம்பத்தாறு வயசு. பக்கத்து அறையில் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

“பொண்ணு எப்படி?” என்றேன்.

“கொஞ்சம் குட்டை.”

இரண்டு பேரும் சிரித்ததில் பேப்பர் கீழே இறங்கிற்று. அப்போதுதான் அந்த மருமகள் காபி கொண்டுவந்தாள். குட்டைதான், நான் பொய் சொல்லவில்லை. ஆனால் வந்த உடனே என் ஈரத் தலையைப் பார்த்துத் துண்டு எடுத்துவரத் திரும்பினாளே, அதை அன்றைக்குப் பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

பிறகு நான் பத்திரிகையை எடுத்தேன். பகவதி குங்குமம் நீட்டினாள். செண்பகம் இரண்டு கையாலும் வாங்கினாள்.

சீதபற்பநல்லூரில் சிவகாமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள். அவள் பேச ஆரம்பிக்கும் முன்னால் நான் அவள் வீட்டு டம்ளர்களைக் கேட்டேன். கால்மணி நேரத்தில் எதிர்வீட்டுக்காரியையும் கூப்பிட்டு அவளே செய்துகாட்டினாள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே வருகிறாளாம்.

செண்பகம் வீட்டுக் காபியில் சர்க்கரை குறைவு. அதை இன்றைக்குச் சொல்லவில்லை.

ஆனி 6
பிரஷர் 124/80

மாத்திரை அதேதான்.

ஆனி 22, ஞாயிறு

வீடு முழுக்க ஆள். மிஷின் எங்கே என்று தெரியவில்லை. சிவகாமி மாவிலை கட்டுகிறாள்.

ஆனி 25, புதன்
பிரஷர் 122/78

டாக்டரம்மா நோட்டை வாங்கி, நின்றபடியே புரட்டினாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். வெளியே டோக்கன் வாங்கினவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். படித்து முடித்து, ஆனி ஐந்திலிருந்து நன்றாக இறங்கியிருக்கிறது, இனி தினமும் எழுத வேண்டாம் என்றாள்.

அது எப்படி? முந்தாநாள் பந்தியில் எனக்கு அடுத்த இலை செண்பகத்துக்கு. நான் பாயசத்துக்குத் திரும்பின நேரம் பார்த்து என் அப்பளத்தை எடுத்துத் தின்றுவிட்டாள். கேட்டால், பிச்சம்மாள் இலையில் எடுத்தேன் என்கிறாள். பிச்சம்மாள் அந்தப் பந்தியிலேயே உட்காரவில்லை.

இதை எழுதிவைக்க வேண்டாமா?